பாடத்தில் மனம் நில்லாத குழந்தைகள்

‘படிப்பு ஏறாத பிள்ளை’ என்றும், ‘அடங்காப் பிள்ளை’ என்றும் பெயர் வாங்கிய சிறுவர்களை நம் கிராமங்களில் காண்கிறோம். அடித்தும் பயனின்றிப் போகவே, சிலரைப் பெற்றோர் பள்ளியினின்றும் நிறுத்தி வேலைக்கு அனுப்பிவிடுகின்றனர். இவர்களுள் சிலருக்கு உள்ளது கவனக் குறைபாடு என்னும் கோளாறாகும். உலகில் குழந்தைகள் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேருக்கு இது உண்டென மதிப்பிடப்பட்டுள்ளது. ஆதலின் இதனைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் அவசியம்.

இது இன்று நேற்று தோன்றியதன்று. அறிவு குன்றாதிருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றி, 1902-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஸ்டில் என்னும் மருத்துவர் லண்டனில் விரிவுரை நிகழ்த்தினார். வாய்க்காலில் நீர் நிறைய ஓடினும், மடை திருப்புவார் இல்லையேல் பயிர் காயும். அதுபோலவே, அறிவு இருந்தும் கவனத்தைத் திருப்பி நிறுத்தும் ஆற்றல் தளர்ந்திருப்பின் பாடம் மனத்தில் நில்லாது. இதற்குப் பரம்பரை முக்கிய காரணம். குறைமாதப் பிறப்பும், பிறந்தபோது எடை குறைந்திருத்தலும் இதற்கு இடமளிக்கலாம். வளர்ப்புக் குற்றத்தாலோ, கிரக தோஷத்தாலோ இது வருவதில்லை.

அறியும் வகை

தொடங்கிய வேலையை முடியாமல் விடுதல், சொன்னதை மறத்தல், புத்தகம் பென்சில்களை அடிக்கடி தொலைத்தல் ஆகியவை ஒரு வகை அறிகுறிகள். இருக்கையில் அமராமை, ஓயாது பேசுதல், கேள்வி முடியுமுன் விடை கூறுதல், தன் முறை வரும்வரை பொறாமை ஆகியவை மற்றொரு வகை. சிலரிடம் இரண்டும் சேர்ந்திருக்கும். அமைதியாக அமர்ந்து கனவு காணும் பெண் குழந்தைகளிடம் இக்கோளாறு பெரும்பாலும் கண்ணுக்குப் படாமற் போகிறது.

குறும்பெல்லாம் கோளாறாகாது. வயதுக்கு மிஞ்சிய இக்குணங்கள் 12 வயதுக்கு முன்பே தோன்றி, குறைந்தது 6 மாதங்கள் நீடித்து, வீடு பள்ளி ஆகிய இரண்டு இடங்களிலும் காணப்பட்டு, படிப்பையும் பழக்கத்தையும் கெடுத்தால் மட்டுமே ஐயுறல் வேண்டும். காது மந்தம், பார்வைக் குறைவு, இரத்தசோகை, போதிய உறக்கமின்மை ஆகியனவும் இதே தோற்றம் தரும். எனவே அவற்றை முதலில் சோதித்தல் வேண்டும். கோளாறு உண்டென முடிவு கூறுதல் மருத்துவரின் பணி; நம் பணி கண்டு அனுப்புவதே.

செய்யத்தக்கவை

அடித்தல் இக்குறையைத் தீர்க்காது. பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் தடுக்கிறது. இத்தகைய குழந்தையை முன்வரிசையில் அமர்த்துக. ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொல்லுக. பெரிய பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுக்க. நன்கு செய்தவுடன் பாராட்டுக. உணவுக்கும் உறக்கத்திற்கும் படிப்பிற்கும் நேரம் வகுக்க. சிலருக்கு மருந்தும் தேவைப்படலாம். அதனை மருத்துவரே தீர்மானிப்பார்.

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவினர் இக்கோளாறையும் கவனிக்கின்றனர். மேற்கொண்டு சோதிக்க வேண்டிய குழந்தைகளை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்புகின்றனர். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. அடுத்த கூட்டத்தில், படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை அவர்கள் கேட்டு வாங்குதல் நன்று. அவர்களுள் மருத்துவர் கண்ணிற் படாதவர் எத்தனை பேர் என்று பார்த்தாலே வேலை தொடங்கிவிடும்.