சதுரங்கப் பலகையில் ஒரு பேரெண்

நுழையும்முன்
சிறியதாகத் தோன்றும் ஒன்று, கணக்கிட்டுப் பார்க்கையில் பேருருக் கொள்வதுண்டு. அறுபத்து நான்கு கட்டங்களுக்குள் அடங்கிய அத்தகைய எண் ஒன்றன் இயல்பை இப்பாடம் விளக்குகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரையில், பல்லவர் சிற்பங்களால் புகழ்பெற்ற ஊர் மாமல்லபுரம். அங்கு 2022ஆம் ஆண்டு 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. இந்தியாவில் நிகழ்ந்த முதல் சதுரங்க ஒலிம்பியாட் அதுவே. 180க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் அதில் பங்கேற்றனர். வேட்டி அணிந்த குதிரையாகிய ‘தம்பி’ அப்போட்டியின் சின்னமாக விளங்கியது.

சதுரங்கத்தைக் குறித்துப் பழங்கதை ஒன்று வழங்கிவருகிறது. அவ்விளையாட்டைக் கண்டு மகிழ்ந்த அரசன், அதனை உருவாக்கிய அறிஞரிடம் வேண்டும் பரிசைக் கேட்குமாறு கூறினான். “முதற்கட்டத்திற்கு ஒரு நெல்மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு, இவ்வாறே இறுதிக் கட்டம்வரை இரட்டித்துத் தருக” என்றார் அறிஞர். இவ்வளவுதானா என எண்ணி, கணக்கிடாமலேயே அரசன் வாக்களித்துவிட்டான்.

இரட்டிப்பின் ஆற்றல்
முதல் வரிசையின் எட்டுக் கட்டங்களுக்குத் தேவையானவை 255 நெல்மணிகளே. பாதிப் பலகை நிறையும்போது அவற்றின் எண்ணிக்கை 429 கோடியைக் கடக்கிறது. முழுப் பலகைக்கும் வேண்டிய நெல்மணிகள் 2⁶⁴ – 1, அதாவது 1,84,46,74,40,73,70,95,51,615. ஆயிரம் மணிகளின் எடை 25 கிராம் எனக் கொண்டால், இது ஏறத்தாழ 46,000 கோடி டன் ஆகும். இன்று உலகம் முழுவதும் விளையும் நெல்லை ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் சேர்த்தாலன்றி அரசனின் வாக்கு நிறைவேறாது.

எண்ணின் உள்ளமைப்பு
2⁶⁴ என்பது 2³²இன் வர்க்கம். ஆகவே, இரு வர்க்கங்களின் வேறுபாட்டு முறைப்படி, 2⁶⁴ – 1 = (2³² + 1)(2³² – 1). இரண்டாம் காரணியை மீண்டும் மீண்டும் இவ்வாறே பிரித்தால் 3, 5, 17, 257, 65537, 4294967297 ஆகிய காரணிகள் கிடைக்கின்றன. இவற்றுள் முதல் ஐந்தும் பகா எண்கள். இவ்வொழுங்கைக் கண்ட பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா, ஆறாவதும் அதன்பின் வருவனவும் பகா எண்களே எனக் கருதினார். 1732இல் ஆய்லர் 4294967297 = 641 × 6700417 எனக் காட்டி, அக்கருத்து பொருந்தாது என நிறுவினார். ஐந்து சான்றுகள் ஒத்துவந்தாலும் அவை நிறுவலாகா என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு. வாக்களித்த அரசனுக்கும் கருதுகோள் கண்ட அறிஞருக்கும் இவ்வெண் உணர்த்துவது ஒன்றே: முடிவுக்கு வருமுன் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்
64 இருமஇலக்கங்களில் கணினி குறிக்கத்தக்க மிகப்பெரிய முழு எண்ணும் 2⁶⁴ – 1 ஆகும்.

கற்பவை கற்றபின்
1. இப்பேரெண்ணின் இலக்கங்களைக் கூட்டி, அது 3ஆல் வகுபடுவதையும் 9ஆல் வகுபடாமையையும் காண்க.
2. இறுதிக் கட்டத்தின் நெல்மணிகள், முந்தைய 63 கட்டங்களின் மொத்தத்தைவிட ஒன்று மிகுதி என நிறுவுக.