பழைய டிப்பர் பெட்டி வாங்குவோர் கவனிக்க

சிறு விவசாயிகள் பலர் இப்போது சின்ன டிராக்டர் வைத்திருக்கிறார்கள். எரு அடிக்கவும், ஏரி வண்டல் கொண்டுவரவும், தேங்காய் ஏற்றவும் அதற்கு ஒரு டிப்பர் பெட்டி இருந்தால் ஆள் கூலி மிச்சம். புதியது வாங்க வசதியில்லாதவர்கள் பழையதைத் தேடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் பழைய பெட்டி வாங்குகிறவர் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அதுதான் உப்பு.

பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பு போட்டு வைப்பது வழக்கம். அந்த உப்பும் கழிவும் நமது நிலத்தை என்ன செய்தன என்பது உங்களுக்குத் தெரியும். தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக, வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டதை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 தீர்ப்பில் குறிப்பிட்டது. நிலத்தைக் கெடுத்த உப்பு இரும்பையும் விடாது. தோலோ உப்போ ஏற்றிய பெட்டியில் தகடுகள் சேரும் இடுக்குகளில் உப்பு தங்கி, ஈரத்தை இழுத்து, உள்ளிருந்தே அரிக்கும். மேலே புதுப் பெயிண்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு விவசாயி பளபளப்பைப் பார்த்து ஒரு பெட்டி வாங்கினார். இரண்டாம் நடை வண்டலிலேயே தளத் தகடு பிய்ந்து தொங்கியது. தகட்டை மாற்றப் போனபோது அடிச்சட்டமும் பொரிந்து போயிருந்தது தெரிந்தது. ஆடு விற்ற பணம் அத்தனையும் வீண்.

எங்கே தேடலாம்?

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை உள்ளூர்ப் பட்டறைகளில் செய்தவை. ஆகவே கம்பெனி விலைப்பட்டியல் கிடைக்காது. பெட்டி கட்டும் பட்டறை, டிராக்டர் விற்பனை நிலையம், செங்கல் சூளை ஆகிய இடங்களில் விசாரிக்கலாம். செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் பல ஊர் விவசாயிகள் வருவார்கள். அங்கே கேட்டாலும் தகவல் கிடைக்கும். எரு அடிக்கும் காலத்தில் தேவை கூடும். வேலையில்லாத நாளில் பேரம் பேசுவது நல்லது. “இது முன்பு என்ன ஏற்றியது?” என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

எப்படிச் சோதிப்பது?

1. சிறு சுத்தியலால் தளத் தகட்டையும் அடிச்சட்டத்தையும் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். துரு செதிலாக உதிரும்.

2. பெட்டி மடங்கும் கீல், அதன் பின், டிராக்டரில் மாட்டும் கொக்கி ஆகியவற்றில் தேய்மானமும் வெல்டிங் வெடிப்பும் இருக்கிறதா பாருங்கள்.

3. சமதரையில் பாரத்துடன் பெட்டியைத் தூக்கி, என்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருங்கள். தானே இறங்கினால் எங்கோ எண்ணெய் கசிகிறது. முட்டுக் கொடுக்காமல் தூக்கிய பெட்டிக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது. அது உயிருக்கு ஆபத்து.

4. தூக்கும் எண்ணெய் டிராக்டரிலிருந்தே போகிறது. பழைய சிலிண்டரில் உள்ள அழுக்கு உங்கள் டிராக்டரின் பம்பையும் கெடுக்கும். ஆகவே பழைய எண்ணெயை வடித்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும்.

5. டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது என்று பொருள்.

விலை போடும் முறை

காலிப் பெட்டியை எடைமேடையில் எடை போடுங்கள். அந்த எடைக்குப் பழைய இரும்பின் விலைதான் அடிமட்டம். அதே அளவுப் புதுப் பெட்டியின் விலையைப் பட்டறையில் கேட்டு அதில் பாதியை எடுத்து, பழுது பார்க்கும் செலவைக் கழியுங்கள். மிஞ்சுவது உச்ச வரம்பு. பத்து வருடம் கடந்த பெட்டிக்கு இதற்கு மேல் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கணக்குப் புரிவதற்காக ஓர் உதாரணம்: எடை 450 கிலோ, பழைய இரும்பு கிலோ 30 ரூபாய் என்றால் அடிமட்டம் 13,500 ரூபாய். புதியது 90,000 என்றால் பாதி 45,000. தகடு, டயர், சிலிண்டர் பழுதுக்கு 23,000 போனால் மீதி 22,000. பேரம் இந்த இரண்டுக்கும் இடையில் முடிய வேண்டும். உங்கள் ஊரின் இன்றைய விலையைப் போட்டுக் கணக்கிடுங்கள். அடிச்சட்டமே அரித்திருந்தால் பழைய இரும்பு விலைக்கு மேல் ஒரு ரூபாயும் தரலாகாது.

வாங்கும் முன் தேவையையும் கணக்கிடுங்கள். 6 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள பெட்டி ஏறத்தாழ ஒரு கன மீட்டர் கொள்ளும். தொழு எரு என்றால் சுமார் 600 கிலோ. ஏக்கருக்கு 5 டன் எருவுக்கு எட்டு, ஒன்பது நடை ஆகும். ஒரு ஏக்கர்க்காரர் தனியாக வாங்குவதைவிட நான்கு பேர் சேர்ந்து வாங்கினால் கட்டும். அதே பெட்டியில் ஈர மணலை நிரப்பினால் 1.8 டன் வரை போகும். சிறு பெட்டி தாங்காது. பாதிதான் ஏற்ற வேண்டும்.

டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு. பதிவுச் சான்றைப் பார்த்து, கடன் பாக்கி இல்லையென்று உறுதி செய்துகொண்டு, 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்து வாங்கியபின் பணம் கொடுங்கள். 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும்.

தோல் கழிவு ஏற்றிய பெட்டி என்று தெரிந்தால், எவ்வளவு கழுவினாலும் அதில் தானியமோ தீவனமோ ஏற்ற வேண்டாம். பெயிண்டைப் பார்த்து விலை பேசாதீர்கள். பெயிண்டுக்கு அடியில் இருக்கும் இரும்பைப் பார்த்துப் பேசுங்கள். சந்தேகமிருந்தால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ, விரிஞ்சிபுரம் வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ கேட்டுத் தெளிவு பெறலாம்.