வாய்க்குள் ஓர் உலோகம்

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நம் முன்னோர் மொழி. பல் போய்விடுவதற்கு முன்பே சொத்தையைச் சுரண்டி எடுத்து, வேர்ச் சிகிச்சை செய்து, எஞ்சிய பல்லின் மேல் ஓர் உறையைப் பொருத்திக் காப்பாற்றி விடுகிறார்கள் இக்காலப் பல் மருத்துவர்கள். ‘கேப் போடுவது’ என்று நாம் வீட்டில் சொல்வது இதைத்தான். உலோக உறை கடினமாக இருந்தால் போதும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இரும்பு ஆணிகூடக் கடினமானதுதான், தோழியரே! அதை வாயில் வைத்துக்கொள்வோமா?

ஈரமும் காற்றும் சேர்ந்தால் ஆணி துருப்பிடிப்பதைச் சோதனைக் குழாய்களில் கண்டிருக்கிறோம். நம் வாய் அந்தக் குழாயைவிடக் கொடிய இடம். உமிழ்நீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அது ஒரு மின்பகுளி. அதன் மேல் காலையில் சூடான காப்பி, நண்பகலில் புளிக்குழம்பு, மாலையில் ஐஸ். இனிப்புத் தின்றால் பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்கி, பல்லோரத்தின் பி.எச். மதிப்பை 5.5-க்கும் கீழே இறக்கிவிடும். அரிக்கப்படும் உலோகம் அயனிகளாகப் பிரிந்து ஈறுக்கும் வயிற்றுக்கும் போகிறது. எனவே அரிமானத்தைத் தடுப்பதும், உலோகம் உடலோடு ஒத்துப்போகச் செய்வதும் பெரும்பாலும் ஒரே வேலைதான்.

இதில் தங்கத்துக்கு நிகரில்லை. தூய தங்கம் மென்மையானது என்பதால் செம்பு, வெள்ளி, பல்லேடியம் முதலியன சேர்ப்பார்கள். ஆனால் 1971-இல் அமெரிக்கா டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுத்தது. முன்பு அவுன்சுக்கு 35 டாலராக இருந்த விலை, 1980 சனவரியில் 800 டாலரைத் தாண்டியது. மலிவான நிக்கல்-குரோமியக் கலவை அதன் இடத்தைப் பிடித்தது.

நிக்கல்-குரோமியத்தைக் காப்பது குரோமியமே. அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடி, மேற்பரப்பில் ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்துகிறது. அதன் தடிப்பு சில நானோமீட்டர்தான். (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர்.) கீறல் விழுந்தாலும் தானே மூடிக்கொள்ளும் இந்தப் படலத்தைப் படித்தபோது எங்களுக்கு வியப்பு அடங்கவில்லை. குரோமியம் 20 சதவீதத்தை ஒட்டி இருந்தால் படலம் உறுதியாக அமையும். சிறிது மாலிப்டினம் சேர்த்தால் குழிக் குழியாக அரிப்பதும் குறையும்.

படலம் தோற்கும் இடங்களும் உண்டு. உறையின் விளிம்பு ஈறைத் தொடும் இடுக்கில் ஆக்சிஜன் குறைவு, அமிலமோ மிகுதி. அங்கே கிழிந்த படலம் எளிதில் மூடாது. ஆகவே விளிம்பு பல்லோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். கடிக்கும்போது இடிக்கிறதென்று மருத்துவர் உறையை ராவினால், அந்த இடத்தை மறுபடியும் மெருகேற்ற வேண்டும். பக்கத்துப் பல்லில் வேறு உலோகம் இருந்தால் இரண்டும் ஒரு மின்கலமாகிவிடும்! உலோக அடைப்பு உள்ள பல்லால் மிட்டாய் சுற்றிய அலுமினியத் தாளைக் கடித்தவர்களுக்கு அந்தச் சுரீர் தெரியும்.

இனி, நம்மைப் போன்ற பெண்களுக்கு முக்கியமான செய்தி. நிக்கல் ஒவ்வாமை பெண்களிடமே அதிகம்; காது குத்துவது ஒரு பெரிய காரணம். கவரிங் கம்மல் போட்டதும் காது அரித்துப் புண்ணாவது நம் தோழியர் பலருக்குப் பழக்கமானதுதானே? 1994-இல் ஐரோப்பிய நாடுகள் அணிகலன்களில் நிக்கலைக் கட்டுப்படுத்தச் சட்டம் செய்தன. உமிழ்நீர் கழுவிக்கொண்டே இருப்பதால் வாய் தோலைவிடச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். எனினும் ஒவ்வாமை உள்ளவருக்கு உறையைச் சுற்றி ஈறு சிவந்து வீங்கக்கூடும்.

இன்னொரு கேடு நோயாளியைவிடத் தொழிலாளியைத் தாக்குவது. வார்ப்பு எளிதாக வரவேண்டுமென்று சில நிக்கல் கலவைகளில் பெரிலியம் சேர்த்து வந்தார்கள். அதை உருக்கும்போதும் ராவும்போதும் எழும் ஆவியும் தூசியும் நுரையீரலைக் கெடுக்கும். பெரிலியம் செறிந்த பகுதிகளே முதலில் அரிக்கவும் செய்யும். இன்றைய பன்னாட்டுத் தரம் பெரிலியத்தை 0.02 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. முகம் தெரியாத ஒருவர் நம் பல்லுக்காக அந்தத் தூசியைச் சுவாசித்தார் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

நிக்கலுக்கு மாற்றாகக் கோபால்ட்-குரோமியம் உண்டு. கோபால்ட்டும் சிலருக்கு ஒவ்வாது. டைட்டானியம் உடலோடு நன்றாக ஒத்துப்போகும். ஆனால் அது 1668 டிகிரி செல்சியஸில்தான் உருகும். உருகிய நிலையில் ஆக்சிஜனை விழுங்கிக் கெட்டுவிடும் என்பதால் ஆர்கான் வாயுவில் வார்க்கிறார்கள், அல்லது கட்டியாக வைத்து எந்திரத்தால் கடைகிறார்கள். உலோகமே வேண்டாம் என்பவர்களுக்குச் சிர்க்கோனியா உறை இருக்கிறது.

உறை போடப் போகும்போது கலவையின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். கம்மல் காதுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை அளவெடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒட்டிய பிறகு சொன்னால் உறையை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.