‘உண்மையைத்தானே சார் சொன்னேன்?’

அடுக்குமாடிக் குடியிருப்பு அசோசியேஷன்காரர்கள் வக்கீல் நோட்டீஸும் கையுமாக என் முன் வந்து உட்கார்ந்தால், முதல் பேச்சே இதுதான்: “உண்மையைத்தானே சார் சொன்னேன், அது எப்படி அவதூறாகும்?” கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஆகும். பழைய செகரட்டரி லிஃப்ட் காண்ட்ராக்டில் கமிஷன் அடித்தார் என்று குரூப்பில் போடுகிறீர்கள். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு வந்தால், உண்மை என்று நிரூபித்துத் தப்பிக்கலாம். கிரிமினல் வழக்கில் அது மட்டும் போதாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு, சொன்னது உண்மையாகவும் இருக்க வேண்டும், பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டையும் காட்ட வேண்டியவர் நீங்கள். தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஆவது பிரிவும் இதையே சொன்னது. அது செல்லும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. “பிளாக்கில் எல்லாருக்கும் தெரியுமே” என்கிறார்கள். அதை எந்த மாஜிஸ்திரேட்டும் சாட்சியமாக எடுக்கமாட்டார். வவுச்சர் எங்கே? கொட்டேஷன் எங்கே?

“நான் எழுதலையே, ஃபார்வர்டுதானே?” நடிகர் எஸ்.வி.சேகர் வழக்கில் 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சாக்கை ஏற்கவில்லை. “கமிட்டி சார்பில் பேசினேன், அசோசியேஷன் பார்த்துக்கொள்ளும்.” கூண்டில் ஏறப்போவது நீங்கள், அசோசியேஷன் அல்ல. “அட்மின்தான் மாட்டுவார்.” வெறும் அட்மினாக மட்டும் இருந்தவரை வழக்கில் சேர்க்கக்கூடாது என்று அதே நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-லேயே சொல்லியாயிற்று.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்போ வாயே திறக்கக்கூடாதா?” என்று சிலர் பயந்து ஒதுங்குகிறார்கள். பணம் கையாடியவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அதே 356-ஆவது பிரிவு விதிவிலக்குகளையும் தந்திருக்கிறது. விசாரிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது. 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான அசோசியேஷன் என்றால், மாவட்டப் பதிவாளரிடம் எழுதிக் கொடுங்கள். ‘திருடன்’ என்ற சொல்லை விடுங்கள். ‘ஜூன் முதல் செப்டம்பர் வரை டீசல் செலவுக்கு வவுச்சர் இல்லை’ என்று பொதுக்குழுவில் எழுந்து சொல்லுங்கள். சொன்னதை மினிட்ஸில் ஏற்றச் சொல்லுங்கள்.

மினிட்ஸ் புத்தகத்தை நான் எத்தனை முறை வலியுறுத்தினாலும் பலர் காதில் ஏறுவதில்லை. கூட்டம் நடந்த அன்றே, எல்லாருக்கும் புரியும் தமிழில், பக்க எண் போட்டு எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் பொது நன்மைக்காகத்தான் பேசினீர்கள் என்று காட்ட நாளைக்கு அந்தப் பக்கம்தான் உதவும். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அசோசியேஷனின் மினிட்ஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.