கேளாது சேர்ந்த இன்ஷூரன்ஸும் அதனை மீட்கும் வழியும்

நமது கலாசாலை மாணவருள் கூட்டு வட்டியை இமைப்பொழுதிற் கணக்கிட வல்லார் பலர். ஆயினும், தம் தந்தையார் வீடு கட்டுதற்கோ, கறவை மாடு வாங்குதற்கோ, மகளின் படிப்புக்கோ பாங்கியிற் கடன்பெற்றுக் கையொப்பமிட்ட பத்திரத்தை ஒருமுறையேனும் விரித்துப் படித்தவர் மிகச் சிலரே. கற்ற கல்வி வீட்டுப் பெட்டியிலுள்ள காகிதத்தை அறிய உதவாதாயின் அதனாற் பயன் என்னை? இவ்வெண்ணமே இவ்வியாசத்தை எழுதத் தூண்டிற்று.

கடன் கொடுக்கும்பொழுது, கடனாளி கேளாமலும் அறியாமலும் ஓர் இன்ஷூரன்ஸ் பாலிஸியை அதனுடன் சேர்த்து, அதன் பிரீமியத்தைக் கடன் தொகையிலேயே பிடித்துக் கொள்ளும் வழக்கம் நம் நாட்டிற் பல இடங்களில் உண்டு. "இது இல்லாவிட்டாற் கடன் கிடையாது" என்று சொல்வாரும் உளர். ஒன்றும் சொல்லாமலே நாற்பது கையொப்பங்களுக்கிடையே நாற்பத்தொன்றாவது கையொப்பத்தையும் வாங்கிக்கொள்வாரும் உளர். சோழவந்தான் வயல்களிலும், பெரியாற்றுக் கால்வாய் நீரை நம்பிய மேலூர்ப் பக்கத்திலும், திருமங்கலத்துக் கரிசற்காடுகளிலும் வாழும் எளிய குடும்பங்களுக்கு இது சிறு நஷ்டமன்று.

ஓர் உதாரணம் காண்போம். ஒருவர் 3,00,000 ரூபாய் கடன் கேட்கிறார். 18,000 ரூபாய் பிரீமியம் அதனுடன் சேர்க்கப்பட்டு, 3,18,000 ரூபாய் கடனாக எழுதப்படுகிறது. வட்டி நூற்றுக்கு 11. தவணை 60 மாதம். அந்தப் பிரீமியத்திற்காக மட்டும் அவர் மாதந்தோறும் சுமார் 391 ரூபாய் செலுத்துவார்; ஐந்தாண்டில் அது ஏறக்குறைய 23,480 ரூபாயாகும். தாம் கேளாத பண்டத்திற்கு விலையும், அவ்விலைக்கு வட்டியும் கொடுத்தவராகிறார் அவர்.

இந்நோய் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் இத்தகைய கடன் இன்ஷூரன்ஸ் கோடிக்கணக்கில் விற்கப்பட்டது. அங்கே 2006-ஆம் ஆண்டிற் கணவனை இழந்த கல்லூரி ஆசிரியை ஒருவர் 34,000 பவுன் கடன் பெற்றார். அதனுடன் 5,780 பவுன் பிரீமியமும் சேர்க்கப்பட்டது. அப்பிரீமியத்தில் நூற்றுக்கு 71.8 பங்கு இடைப்பட்டோருக்குக் கமிஷனாகவே போயிற்று என்பது பின்னர் வெளிவந்தது. இதனை அவருக்குச் சொல்லாது மறைத்தது நியாயமன்று என்று 2014-ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011-ஆம் ஆண்டு முதல் அங்குள்ள பாங்கிகள் ஜனங்களுக்குத் திருப்பிக் கொடுத்த தொகை 3,800 கோடி பவுனுக்கும் மேல். மனுக் கொடுக்கும் கடைசி நாளாக 2019 ஆகஸ்ட் 29 விதிக்கப்பட்டது.

அவ்வரலாற்றில் நாம் கற்கத்தக்க பாடம் வேறொன்றும் உண்டு. தாமே ஒரு கடிதம் எழுதிச் செலவின்றிப் பெற்றிருக்கக்கூடிய பணத்தைப் பலர் தரகுக் கம்பெனிகள் வாயிலாகக் கேட்டு, வந்ததில் ஒரு பெரும் பங்கை அவர்களுக்கு அளித்தனர். இக்கொள்ளையைக் கண்டு, தரகு நூற்றுக்கு 20-க்கு மேற்படலாகாது என்று 2018-ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு கட்ட நேர்ந்தது. மடையைத் திறக்கத் தெரியாதவன் தன் வயலுக்குரிய நீரையே விலைக்கு வாங்குவான் அன்றோ?

நிற்க. நம் நாட்டு விதிகள் யாவை என்பதைப் பார்ப்போம். ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் இன்ஷூரன்ஸை வாங்குமாறு வாடிக்கைக்காரரை வற்புறுத்தலாகாது, பாங்கியின் பிற சேவைகளோடு அதனைப் பிணைத்தலும் ஆகாது என்பது ரிசர்வ் பாங்கி 2015-ஆம் ஆண்டு விதித்த கட்டளை. இன்ஷூரன்ஸிற் சேர்வது முற்றிலும் அவரவர் விருப்பம் என்பதே அதன் சாரம். மேலும், 2024 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் அனுமதிக்கப்படும் தனிநபர் கடன்களுக்கும் சிறுதொழிற் கடன்களுக்கும், முக்கிய விவரப் பத்திரம் ஒன்றைப் பாங்கியார் கடனாளிக்கு அவர் அறிந்த மொழியிற் கொடுத்தல் வேண்டும். இன்ஷூரன்ஸுக்காகப் பிடிக்கும் தொகை அதிற் காட்டப்படல் வேண்டும். அப்பத்திரத்திற் குறிக்காத கட்டணம் எதனையும் கடனாளியின் வெளிப்படையான சம்மதமின்றி வாங்குதல் கூடாது.

இனி, நம் கடனில் இன்ஷூரன்ஸ் ஒளிந்திருக்கிறதா என்று சோதிக்கும் முறை வருமாறு:

முதலாவது, அனுமதிக்கப்பட்ட தொகை எவ்வளவு, கைக்கு வந்த தொகை எவ்வளவு என்று ஒப்பிடுக. இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பின், அதன் ஒவ்வொரு ரூபாய்க்கும் விளக்கம் கேட்க.

இரண்டாவது, கடன் கணக்கின் முதல் மாத விவரத்தையும், சேமிப்புக் கணக்கின் பாஸ் புத்தகத்தையும் வரிவரியாகப் படிக்க. பிரீமியம் சில சமயம் கடன் கணக்கிலும், சில சமயம் சேமிப்புக் கணக்கிலும் பிடிக்கப்படும்.

மூன்றாவது, பாலிஸியைக் கேட்டு வாங்குக. இவ்வகை இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் குழுப் பாலிஸியாகையால், கடனாளிக்கு ஒரு சான்றிதழே வரும். அதிற் காப்புத் தொகை, காலம், வாரிசாகக் குறிக்கப்பட்டவர் பெயர், தேதி ஆகியவற்றைக் காண்க.

நான்காவது, விண்ணப்பத்தின் நகலைக் கேட்க. கையொப்பம் நம்முடையதா, தேக நிலையைப் பற்றி எழுதியிருப்பது உண்மையா என்று பார்க்க. நீரிழிவு உள்ளவரை நோயற்றவர் என்று பிறர் எழுதிவைத்தால், பின்னாளில் அவர் குடும்பத்திற்குப் பணம் மறுக்கப்படவும் கூடும். அப்பொழுது பிரீமியமும் போய்க் காப்பும் போய்விடும்.

இவ்விடத்து ஒரு எச்சரிக்கை அவசியம். இன்ஷூரன்ஸ் என்பதே தீது என்று எவரும் கொள்ளற்க. சம்பாதிப்பவர் இறந்தால், அவர் பட்ட கடன் மனைவி மக்கள் தலைமேல் விழாது தடுப்பது அதுவே. பயிர் இன்ஷூரன்ஸும் அத்தகையதே. 2016-ஆம் ஆண்டில் ஏற்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் கடன் பெற்ற உழவர்க்கு முதலிற் கட்டாயமாக இருந்தது. 2020-ஆம் ஆண்டுக் காரிப் பருவம் முதல் அவரவர் விருப்பத்திற்கு விடப்பட்டது. வேண்டாதவர் கடைசித் தேதிக்கு 7 நாள் முன்னரே எழுதிக் கொடுத்தல் வேண்டும். இன்றேற் பிரீமியம் பிடிக்கப்படும். மழை பொய்க்கும் பூமியில் அதனை வேண்டாமென்பதற்கு முன் பலமுறை யோசித்தல் நன்று. ஆகவே, கேட்கவேண்டிய கேள்விகள் மூன்றே: நாம் அறிந்து சம்மதித்தோமா? அது நமக்குப் பொருந்துமா? அதன் விலை நியாயமானதா?

வேண்டாம் என்று தெளிந்தவர் காலந்தாழ்த்தலாகாது. 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிஸி கைக்கு வந்த 30 நாளுக்குள் அதனைத் திருப்பிவிடலாம். முன்னர் இக்காலம் பொதுவில் 15 நாளாக இருந்தது. கழிந்த நாட்களின் காப்புச் செலவு, வைத்தியப் பரிசோதனைச் செலவு, முத்திரைச் செலவு ஆகியவை போக மீதிப் பிரீமியம் திரும்பக் கிடைக்கும். குழுப் பாலிஸியாயின், அந்நிபந்தனை சான்றிதழில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று காண்க. பாலிஸி எப்பொழுது கைக்கு வந்தது என்பது முக்கியமாதலால், தபால் உறையையும் எறியாது வைத்துக்கொள்க.

முப்பது நாள் கடந்ததென்று மனந்தளர வேண்டுவதில்லை. பாங்கிக்கு ஒன்றும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒன்றுமாக இரு கடிதங்கள் எழுதுக. ஆங்கிலப் புலமை வேண்டா, இவ்வளவு போதும்:

"ஐயா, இன்ன எண்ணுள்ள என் கடன் கணக்கில், இன்ன தேதியில், இவ்வளவு ரூபாய் இன்ஷூரன்ஸ் பிரீமியமாகப் பிடிக்கப்பட்டுள்ளது. இதனை நான் கேட்கவில்லை. இது என் விருப்பத்தைச் சார்ந்தது என்று எனக்குச் சொல்லப்படவும் இல்லை. நான் சம்மதித்ததாகக் காட்டும் பத்திரத்தின் நகலை அனுப்புக. பாலிஸியை ரத்துச் செய்து, பிரீமியத்தையும் அதன்மேல் வாங்கிய வட்டியையும் என் கடன் கணக்கில் வரவு வைக்குமாறு வேண்டுகிறேன்."

எழுதுவது உண்மையாக மட்டும் இருத்தல் வேண்டும். அறிந்து சம்மதித்தவர் அறியேன் என்று எழுதுவது, அறியாதவரிடம் மறைத்து விற்பதைப் போன்றே குற்றமாகும். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புக. நேரிற் கொடுப்பின் நகலில் முத்திரையும் தேதியும் பெறுக. வாய்ப்பேச்சு காற்றோடு போகும். ரசீதே சாட்சி சொல்லும்.

முப்பது நாளில் விடை வராவிடினும், வந்த விடை நியாயமாகத் தோன்றாவிடினும் மேலிடத்திற்குச் செல்லலாம். பாங்கியின்மேற் குறையாயின், ஆம்பட்ஸ்மன் எனப்படும் ரிசர்வ் பாங்கியின் குறை தீர்ப்பாளரிடம் முறையிடுக. 2021 நவம்பரில் அவ்வேற்பாடு நாடு முழுமைக்கும் ஒன்றாக்கப்பட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனியின்மேற் குறையாயின், நம் மாகாணத்திற்குரிய இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் சென்னையில் இருக்கிறார். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டிற்குள் அவரிடம் மனுச் செய்தல் வேண்டும். இன்ஷூரன்ஸ் துறையை ஆளும் ஆணையத்தின் பீமா பரோஸா என்னும் தளத்திலும், 155255 என்னும் தொலைபேசி எண்ணிலும் முறையிடலாம். இவற்றுள் எதற்கும் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டுவதில்லை.

இவற்றாலும் தீராதாயின், மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் உண்டு. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறை தோன்றிய இரண்டாண்டிற்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயிற் கட்டணம் இல்லை. தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்கவும் உரிமை உண்டு.

வழி இவ்வாறு திறந்திருக்க, இடையிற் தரகர் எதற்கு? "உங்கள் பிரீமியத்தை மீட்டுத் தருகிறோம், முதலிற் கொஞ்சம் பணம் கட்டுங்கள்" என்று தொலைபேசியிற் பேசுவாரை நம்பற்க. ஆணையத்திலிருந்து பேசுவதாகவும், போனஸ் வந்திருப்பதாகவும் கூறுவாரும் உளர். அவ்வாணையம் பாலிஸி விற்பதுமில்லை; போனஸ் கொடுப்பதுமில்லை என்று அதுவே பன்முறை அறிவித்துள்ளது. கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவர் கேட்பினும் சொல்லற்க.

மாணவ நண்பர்காள்! வருகின்ற விடுமுறையில் ஊர் செல்லும்பொழுது ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். தந்தையாரின் தகரப் பெட்டியிலுள்ள கடன் பத்திரங்களைத் திண்ணையில் விரித்து, அவருக்குப் பொருள் விளங்கப் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்க அறியாத அண்டை வீட்டுப் பாட்டியின் பாஸ் புத்தகத்தையும் ஒருமுறை பாருங்கள். நீங்கள் எழுதிக்கொடுக்கும் ஒரு கடிதம், ஒரு குடும்பத்தின் பல மாதத் தவணையை மீட்டுத்தரக் கூடும். அதற்குக் கூலி வாங்காதிருப்பதே கற்றவர்க்கு அழகு.