முடிவில்லாத விடைகள்

சேலம்–பெங்களூரு இருப்புப்பாதையில் உள்ள ஒரு நிலையம் மாரண்டஹள்ளி. சிறு நிலையங்களை விட்டுவிட்டால் தருமபுரி, பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை, ஓசூர் என்ற வரிசை கிடைக்கும். இந்த ஐந்து ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, "மாரண்டஹள்ளியிலிருந்து எங்கெங்கே செல்லலாம்?" என்று கணிப்பொறியைக் கேட்போம்.

தர்க்க நிரலாக்கத்தில் நாம் செய்முறையைச் சொல்வதில்லை. உண்மைகளையும் விதிகளையும் மட்டுமே தருகிறோம். 1972-ஆம் ஆண்டளவில் பிரான்சின் மார்செய் நகரில் அலென் கோல்மரோவர் குழுவினர் உருவாக்கிய புரோலாக் இத்தகைய மொழியாகும். நமக்கு இரண்டு விதிகள் போதும்.

விதி 1: அடுத்த ஊருக்குச் செல்லலாம்.
விதி 2: அடுத்த ஊரிலிருந்து எங்கே செல்லலாமோ, அங்கேயும் செல்லலாம்.

இரண்டாம் விதி தன்னைத்தானே அழைக்கிறது. இதற்குத் தற்சுழற்சி என்று பெயர். ரயில் இரு திசையிலும் ஓடுவதால் விடைகளுக்கு முடிவே இராது. அது மட்டுமா? ஓசூர்ப் பக்கத்து ஊரை முதலில் எழுதியிருந்தால், புரோலாக் அந்தக் கிளையிலேயே ஆழமாக இறங்கும். ராயக்கோட்டை, பாலக்கோடு, ஓசூர், மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை, ஓசூர், மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை... தருமபுரி வரவே வராது! விதிகள் சரியானவை, தேடும் முறையில்தான் குறை.

ஸ்கீம் மொழிக்குள் குடியிருக்கும் மினிகான்ரன் போன்ற தர்க்க மொழிகளில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். அங்கே விதி என்பது ஒரு சார்பு. அது தன்னை உடனே அழைத்தால், அந்த அழைப்பு மீண்டும் தன்னை அழைக்கும். முதல் விடைகூடக் கிடைக்காது. ஆகவே அந்த அழைப்பைப் பொட்டலமாகக் கட்டி வைத்து, தேவைப்படும்போது மட்டும் பிரிக்கிறார்கள். அடுத்து, ஒரு கிளையிலேயே நிற்காமல், கிளைகளை மாற்றி மாற்றித் தேடுகிறார்கள். பாலக்கோட்டுக் கிளைக்கும் முறை வருவதால் தருமபுரி கிடைத்துவிடும். விடைகள் முடிவற்றவையாகவே இருந்தாலும், "முதல் பத்து போதும்" என்று கேட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு வழியும் உண்டு. ஒருமுறை கேட்ட கேள்வியையும் கண்ட விடையையும் அட்டவணையில் குறித்துக்கொண்டால், மாரண்டஹள்ளி உட்பட ஐந்து விடைகளோடு தேடல் முடிந்துவிடும்.

மாணவர்களே, தருமபுரிப் பக்கத்து ஊரை முதலில் எழுதினால், ஆழமாக இறங்கும் தேடலில் எந்த ஊர் விடுபடும்? தாளில் எழுதிப் பாருங்கள்.