ஏரிக்கரைப் பொதுநிலம்

அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரம் மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்துள்ளது. அந்நன்னீர்ப் பரப்பின் மறுகரை கண்ணுக்கு எட்டாது. ஆதலின் காண்போர் அதனைக் கடலென்றே மயங்குவர். கரை நெடுகிலும் மணற்றுறைகளும் பூங்காக்களும் விளங்குகின்றன.

1836ஆம் ஆண்டு வரையப்பெற்ற நிலப்படமொன்று, அக்கரையின் ஒரு பகுதியை, என்றும் கட்டடமின்றித் திறந்திருத்தற்குரிய பொதுநிலம் எனக் குறித்தது. நகரம் வளர வளர, ஆங்குக் கட்டடங்கள் எழலாயின. மாண்ட்கோமரி வார்டு என்னும் வணிகர் 1890இல் வழக்குத் தொடுத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சலியாது வழக்காடி வென்றார். அந்நிலமே இன்று கிராண்ட் பூங்காவாகப் பொலிகின்றது.

ஆயினும், நிலம் பொதுவாயிற்றேயன்றி நெஞ்சம் பொதுவாகவில்லை. 1919ஆம் ஆண்டு சூலைத் திங்களில், நகரின் தென்பால் உள்ள துறையொன்றில், யூஜின் வில்லியம்ஸ் என்னும் 17 வயதுக் கறுப்பின இளைஞன் மிதவையைப் பற்றி நீந்தினான். வெள்ளையர் தமக்கென வகுத்துக்கொண்ட நீர்ப்பகுதியை அறியாது அடைந்தான். கல்லெறிக்கு ஆளாகி, நீரில் மூழ்கி மாண்டான். அதனையொட்டி மூண்ட கலகத்தில் 38 பேர் உயிரிழந்தனர்.

நீர்மேல் இட்ட கோடு நிலைப்பதுண்டோ? அதனை நிலைநிறுத்தியது மாந்தர்தம் பகைமையே. இன்று அத்துறைகள் அனைவர்க்கும் உரியன.

மாணவர்களே! பொதுநிலத்தைச் சட்டம் காக்கும். பொதுமையைக் காப்பது நம் உள்ளமே.